தோல்பை சார் வந்த நாலு நாள்

1

கலா, குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழாவில், டாக்டர் வீட்டு அம்மா பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு பேர் முன்னாலும் சொன்னது என் காதில் விழுந்தது. விழாதது போல் நின்றேன்.

"உங்க அப்பா ஒரு பெரிய புரொபசரை கிளாஸ்ல வெச்சி அவமானப்படுத்திட்டாராமே? அந்த மனுஷர் ஊருக்குப் போய் ஆறு மாசம் படுத்த படுக்கையாம்."

படுத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவமானப்படுத்தியது உண்மை.

காரில் திரும்பும்போது குமரன் கேட்டான். "நிஜமாவே ஒருத்தரை அழ வெச்சியாப்பா?" கலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது கொடுமை என்று இங்கிலீஷில் ஜன்னலுக்குச் சொன்னாள். அம்மா, "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க, பனி" என்றாள். 

அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது வேண்டுமென்றேதான். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எனக்கு மரியாதை வந்துவிடுகிறது, கோபம் வருவதில்லை. இதற்குக் கோபம் வேண்டும். கலாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். குமரனுக்கு அவள் படித்துச் சொல்லட்டும். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவளுக்கும் நடந்ததில் பாதிதான் தெரியும்.

நான் பதினோராம் வகுப்போடு நின்றவன். அலங்காரம் வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

2

ஆரணியில் எனக்கு இரண்டு வேலை. காலையில் ஜக்கார்டு அட்டை குத்துவேன். பட்டுப்புடவை முந்தானையில் மாங்காயும் மயிலும் எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்கும். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஓர் ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கால் மூன்று. குத்தின அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே தப்பைச் சொல்லிவிடுவேன். அது ஒன்றுதான் எனக்கு ஆண்டவன் கொடுத்த வித்தை.

மத்தியானத்துக்கு மேல் நெசவாளர் சங்கத்தில் எழுத்தர். சொற்ப சம்பளம்தான், ஆனால் நாற்காலி உண்டு. தெருவில் போனால், "எழுத்தரு வர்றாரு" என்பார்கள். அப்போது கலா கைக்குழந்தை. குமரன் பிறக்கவில்லை.

அந்த வருஷம் மெட்ராசிலிருந்து ஒருவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் பெயர் என் பிள்ளைகளின் காகிதத்தில் இருக்க வேண்டியதில்லை. பெரிய தோல்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பார். நம் தெரு அவருக்கு வைத்த பெயர் தோல்பை சார். அதுவே போதும்.

நெசவாளர் குடும்பங்களைப் பற்றி இருநூறு படிவம் நிரப்ப வேண்டும். நூறு அவரே எடுப்பார். மற்ற நூறுக்கு ஆள் வேண்டும் என்று சங்கத் தலைவரைக் கேட்டார். தலைவர் என்னைக் காட்டினார். எத்தனை பேர், எத்தனை தறி, எத்தனை வயதில் தறிக்கு வந்தது என்று வரிசையாகக் கேள்வி. பதினாலாம் கேள்வி மட்டும் வாயால் கேட்பதில்லை, கண்ணால் பார்த்து எழுதுவது. "இன்று தறி ஓடுகிறதா?" பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: "ஓடவில்லையென்றால் காரணம்."

நான் மூன்று வாரம் நடந்தேன். ஒரு வீடு விடாமல் போனேன். பெரும்பாலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வீட்டில் ஓடவில்லை. தறிக்குப் புதுப் பாவு நூல் பிணைக்கிறார்கள், கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், வீட்டில் சாவு என்று காரணக் கட்டத்தில் எழுதினேன். முப்பத்தேழாவது படிவம் தனபாலுடையது. தனபால் என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். அன்று அவன் தறியை விட்டு எழவில்லை.

"கேளுடா, நெய்ஞ்சிகினே சொல்றேன். உன் ஆராய்ச்சிக்காக நான் கையை நிறுத்தினா முதலாளி என் தோலை உரிச்சி இன்னொரு பை தெச்சிடுவாரு."

நான் சிரித்ததில் பேனா மை சிந்தியது. அந்தப் படிவத்தின் மூலையில் ஒரு நீலக் கறை உண்டு. இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். மறைத்தால் நானும் அவரும் ஒன்று. தோல்பை சார் என்னிடம் ஒரு நாள் கேட்டார்: "நான் மாசத்துக்கு ஒரு நாள்தான் வர முடியும். எந்த நாள்ல வந்தா ஜனங்க ஓய்வாப் பேசுவாங்க?" நான் யோசிக்கவே இல்லை. "அமாவாசைக்கு வாங்க சார். எல்லாரும் வூட்லதான் இருப்பாங்க" என்றேன். தலையாட்டினார். நாலு அமாவாசைக்கு வந்தார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து வீடு. முடித்தார்.

3

ஐந்தாவது தடவை அவர் படிவம் எடுக்க வரவில்லை. சங்கத்துக் கூடத்துக்கு நேராக வந்தார். நூல் வாங்க வந்தவர்கள் இருபது, முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தோல்பையைத் திறந்து என் நூறு படிவத்தையும் தலைவரின் மேஜைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். நாலைந்து கீழே பறந்தன.

"தலைவரே, நீங்க குடுத்த ஆளு என்னை ஏமாத்திட்டான். ஒரு வீட்டுக்கும் போகலை. எல்லாத்தையும் வீட்டுல உட்கார்ந்தே நிரப்பியிருக்கான்."

 "சார், ஒவ்வொரு வூடா ஏறி எறங்கினேன் சார்."

"நான் கண்ணால பார்த்ததுக்கும் நீ எழுதினதுக்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு."

"எதுங்க சார்? எந்தக் கேள்விங்க சார்?"

"அதைச் சொன்னா அடுத்த தடவை அதையும் சரி பண்ணி நிரப்புவே."

அந்தக் கூட்டத்தில் நான் படிவம் எடுத்த வீட்டுக்காரர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தலைவர் எதிரில், மெட்ராஸ்காரர் எதிரில், யார் வாய் திறப்பார்கள்? தனபால் முதல் வரிசையில் இருந்தான். "தனபாலு, உன் வூட்டுக்கு வந்தேனா இல்லியா, சொல்லுடா" என்றேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் கட்டைவிரல்தான்.

எழுத்தர் வேலை அன்றைக்கே போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தேனே, அதுதான். டீக்கடைக்குப் போனால், "இன்னாடா, டீ குடிச்சியா, இல்ல வூட்லயே ரொப்பிகினியா?" என்று ஒரு குரல் வரும். தனபால் குரல். எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் அம்மா வேலூரில் நர்சு வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கினால், "ரொப்பினவன் பொஞ்சாதி" என்று பின்னால் சொல்வார்கள். அட்டை குத்தக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், "ஓட்டை எண்ணி இருக்குமா, வூட்ல உக்காந்து ரொப்பினதா" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து ஊர் களம்பூரில் அட்டை குத்துகிறவனிடம் போனார்கள்.

இங்கே அம்மாவுக்கு நர்சு வேலைக்குக் கடிதம் வந்தபோது, வெளிநாட்டு ஆசையில் நான் கிளம்பவில்லை. டீக்கடையைத் தாண்டிப் போக முடியாமல் கிளம்பினேன்.

4

இங்கே வந்ததும் முதலில் என் பெயர் போயிற்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருந்தார்கள். அதனால் ஏகாம்பரம் என்கிற நான் மிஸ்டர் முனுசாமி ஆனேன். இது என் பெயரல்ல, என் அப்பா பெயர் என்று ஓர் ஆபீசில் விளக்கினேன். அந்தப் பெண், "அப்படியானால் உங்கள் அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றாள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். விட்டுவிட்டேன். நீங்களும் பள்ளிக்கூடத்தில் முனுசாமிதான். இந்தத் தொல்லை பின்னால் எனக்கு ஒரே ஒரு தரம் உதவியது.

பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் நிலையத்தில் அட்டை குத்தும் வேலை. ஜக்கார்டு அட்டைக்கு அண்ணன் தம்பி மாதிரி இந்த அட்டை. ஆறு பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன். மெஷின் கேட்கும் வேகத்துக்கு நான் குத்தினேன். அதோடு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதில் நாற்பதாவது வரிசை தப்பு" என்றும் சொன்னேன். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் மேனேஜரை விட்டு என்னிடம் வரத் தொடங்கினார்கள். புத்தகத்தைப் பார்த்து நானே புரோகிராம் எழுதக் கற்றேன். இங்கிலீஷ் அரைகுறை, ஆனால் மெஷினுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பகுதி இந்தப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது. நான் பத்து அட்டையை நூலில் கோத்து, கடைசியையும் முதலையும் முடிந்து, சுற்றிக் காட்டுவேன். மாங்காய் முடிந்ததும் மறுபடி மாங்காய். நிறுத்தச் சொல்லாவிட்டால் புடவை முடியாது. பட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு என் வகுப்பு. ஐந்து வருஷமாக நடத்தியும் அறிவிப்புப் பலகையில் "புதன், மூன்று மணி: உதவி" என்றுதான் போட்டார்கள். பட்டம் இல்லாதவன் பெயரைப் போட விதி இல்லையாம். எழுதிக் கேட்டேன். விண்ணப்பத்தில் "தகுதி" என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

கட்டங்களைப் பற்றி எனக்குச் சொல்கிறார்கள்! என் வகுப்பில் முதல் பாடமே அதுதான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. காலியாக விட்டால் மெஷின் அதை சைபர் என்று எடுத்துக்கொள்ளும். ஆடுகளை ஆராய்ந்த ஜில் என்ற பெண், எடை பார்க்காத ஆடுகளுக்குக் காலியாக விட்டாள். மெஷின் அவற்றை எடையே இல்லாத ஆடுகள் என்று சேர்த்துக்கொண்டு சராசரி போட்டது. "உன் ஆடு எல்லாம் பறக்குதும்மா" என்றேன். அவள் மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். பதில் கிடைக்கவில்லையா, ஒன்பது போடு. ஒன்பது என்றால் பதில் இல்லை என்று நாமும் மெஷினும் பேசி வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் பாடம், எதைக் கூட்டுவதற்கும் முன்னால் இரண்டு அட்டவணை போடு: யார் எடுத்த படிவம், எந்த நாள் எடுத்தது. விடை அதில் இருக்கும், இல்லாவிட்டால் வினையாவது இருக்கும். இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எந்த நூறு என்னுடையது, எந்த நூறு அவருடையது என்று இரண்டு வருஷம் தூங்காமல் கிடந்து யோசித்தவனுக்கு அது தானாக வரும்.

5

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபரில், தோல்பை வந்தது.

பைதான் முதலில் தெரிந்தது. ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது, ஆனால் அதே பை, அதே அணைப்பு. பிறகுதான் ஆள். ஒரு பருவத்துக்கு வருகைப் பேராசிரியராம். கம்ப்யூட்டரில் நேரம் வேண்டுமென்றால் யாராயிருந்தாலும் புதன்கிழமை வகுப்புக்கு வரவேண்டும் என்பது நிலையத்தின் விதி. அதனால் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"மிஸ்டர் முனுசாமி? தமிழா?" என்றார். "எந்த ஊர் தம்பி?"

"வேலூர் பக்கம் சார்."

"ஓ, அந்தப் பக்கம் எனக்கு நல்லாத் தெரியும். ஆரணியில ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். மோசமான ஜனங்க. நல்லாத்தான் பேசுவாங்க, வேலை மட்டும் நடக்காது."

எனக்கு இப்போது வழுக்கை, கண்ணாடி, டை, அப்பா பெயர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் புதிதாக எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் தலைப்பை அவரே பெருமையாகச் சொன்னார். கூலிக்கு வைத்த ஆட்கள் பொய்யாக நிரப்பும் படிவங்களைக் கண்டுபிடிப்பது எப்படி. அதைப் பற்றிப் பல ஊர்களில் பேசியிருக்கிறாராம். அதற்கு உதாரணம், அவர் பேச்சுக்கே அஸ்திவாரம், ஆரணியில் அவர் பிடித்த ஒரு பொய்க்காரன். இருநூறு படிவத்தையும் கொண்டு வந்திருந்தார். அட்டையில் குத்தித் தரச் சொன்னார்.

என் கையெழுத்து என் கைக்கே வந்தது. முப்பத்தேழாவது படிவத்தின் மூலையில் நீலக் கறை அப்படியே இருந்தது.

குறிப்புத் தாளில் ஒன்று என்றால் "ஆய்வாளர்", இரண்டு என்றால் "பொய் நிரப்பியவர்" என்று போட்டிருந்தார். நூறு அட்டையில் நூறு தரம் இரண்டு என்று என் விரலாலேயே குத்தினேன். அழவில்லை. மத்தியானம் கொண்டுபோன தயிர்சாதத்தைத் தின்றேன். பிறகு, மற்றவர்களுக்குச் செய்வதைத்தான் செய்தேன். யார் எடுத்தது, எந்த நாள்.

அவருடைய நூறிலும் பதினாலாம் கேள்விக்கு ஒரே பதில்: ஓடவில்லை. தேதிகள் நாலே நாலு. அந்தத் தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று எண்ணினேன். முப்பது, இருபத்தொன்பது, முப்பது. அது நிலாவின் கணக்கு. சமையலறையில் தொங்கும் நாள்காட்டியை, "இந்த ஊர்ல இது எதுக்குப்பா" என்று கேலி செய்வாயே கலா, அதிலிருந்து ஓர் அமாவாசையை எடுத்துப் பின்னோக்கி நிலாக் கணக்குப் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பதினாறு வரிதான். நாலு தேதியும் வந்து விழுந்தன. அதற்குப் பிறகும் நம்பாமல், அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை அனுப்பச் சொல்லி ஆரணிக்கு, அம்மாவின் தம்பி, உங்கள் மாமாவுக்குத் தந்தி கொடுத்தேன்.

அமாவாசையில் நெசவாளி தறி ஓட்ட மாட்டான். ஆரணியில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்று யாராவது உங்களுக்குச் சொல்கிறார்களா? "எல்லாரும் வூட்லதான் இருப்பாங்க" என்றேனே தவிர, ஏன் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அது என் தப்பு. எழுதிவிட்டேன்.

அவர் தப்பு வேறு. காரணம் என்ற கட்டத்தை நூறு படிவத்திலும் காலியாக விட்டிருந்தார். நூறு வீட்டு வாசலில் நின்றவர், ஒரே ஒரு வீட்டில், "ஏன்பா ஓடலை?" என்று கேட்டிருந்தால், தவழும் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். அவர் கேட்கவில்லை. காரணம் தமக்கே தெரியும் என்று நினைத்தார். அந்த ஆராய்ச்சியை வைத்துப் போட்ட புத்தகத்தில் எழுதினார்: ஆரணி நெசவாளி சோம்பேறி.

6

கலா, உனக்கு உறுத்துகிற இடம் இதுதான். எனக்கு எல்லாம் தெரிந்த நாளுக்கும் வகுப்புக்கும் நடுவில் பதினாறு நாள் இருந்தது. தினமும் அவரைப் பார்த்தேன். காபி வாங்கிக் கொடுத்தார். தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது மறதியில்லை. பஞ்சாங்கம் தபாலில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

புதன்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய தகவலை எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த வாரம் உங்களுடையது சார் என்றேன். சந்தோஷமாக எழுந்து, தம் நூறையும் பொய்க்காரன் நூறையும் பற்றி இருபது நிமிஷம் பேசினார்.

நான் அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். ஜில் முன்னால் வந்து விரல் வைத்துப் பார்த்தாள்.

"நூறில் ஒரு தறிகூட ஓடவில்லையா? மனிதர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்களே. என் ஆடுகள்கூட இருக்காது. ஏன் ஓடவில்லை?"

"காரணக் கட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"சைபர்" என்றாள். பிறகு மெதுவாக, "காலி" என்றாள். பின்வரிசையில் யாரோ ஆடு மாதிரிக் கத்தினார்கள்.

தோல்பை சாரின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "சார், உங்க நாலு தேதியையும் கொஞ்சம் படிங்க" என்றேன். படித்தார். "நடுவுல எத்தனை நாள்னு சொல்லுங்க." சொன்னார். பஞ்சாங்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். "அந்தத் தேதிக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு சத்தமாப் படிங்க சார். இங்கிலீஷ்ல."

முதல் தேதியைப் பார்த்தார். இரண்டாவதற்குப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததும் பஞ்சாங்கத்தை மூடப் போனார். அப்போது போதும் என்று விட்டிருக்கலாம். நாலையும் படிக்க வைத்தேன். நாலு தரம் அமாவாசை என்று படித்தார். பிறகு நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: அமாவாசை நெசவாளியின் விடுமுறை. இவர் செய்தது, நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து, கடை மூடியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போன மாதிரி. திறந்திருக்கிறது என்று மற்ற நாளில் பார்த்து எழுதியவனைப் பொய்க்காரன் என்றார்.

அவர் பக்கம் குனிந்து தமிழில் சொன்னேன். "அந்த ரெண்டாம் நம்பர் ஆளு நான்தான் சார். ஏகாம்பரம். முனுசாமிங்கறது எங்கப்பா பேரு."

உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நடைவழியில் என் கையைப் பிடித்தார். "தனியாச் சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க என்னை எங்க வெச்சி சொன்னீங்க சார்?"

அழுதார், குமரா. ஆமாம். நான் கைக்குட்டை கொடுக்கவில்லை. என் பாக்கெட்டில் இரண்டு இருந்தன.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அது உங்கள் இஷ்டம், எனக்கு வேண்டியது ஒரு கடிதம் என்றேன். ஆரணிச் சங்கத்துக்கு, தமிழில், கையால். அங்கேயே நிற்க வைத்து எழுதி வாங்கினேன். "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினார். கிழித்தேன். "யாருக்கு சார் நேர்ந்தது?" என்றேன். மறுபடி எழுதினார். "நான் தவறு செய்தேன். ஏகாம்பரம் ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்."

7

கடிதம் சங்கத்துக் கூடத்தில் எப்போது படிக்கப்பட்டது தெரியுமா? எல்லோரும் சேர்கிற நாள் ஒன்றுதான் உண்டு. அமாவாசை. உங்கள் மாமா எழுதினான்:

"கூடம் ரொம்பிப்போச்சி மாமா. ரெண்டு தபா படிச்சோம். படிச்சி முடிச்சதும், 'நாங்க அப்பவே சொன்னோமே'ன்னு நாலு பேரு எழுந்தானுங்க. ஒருத்தனும் அப்ப சொல்லலை. ஒரு கெழவரு மட்டும், 'அந்த மெட்ராசுக்காரனை இப்பக் கூப்புடுங்கடா, இன்னிக்கும் ஒரு தறி ஓடலை, ஜல்தியா வந்து எழுதிகினு போவட்டும்'னாரு. சிரிப்பு அடங்க நேரமாச்சி. உனுக்கு இப்பவாவது மனசு ஆறிச்சா?"

ஆறவில்லை. டாக்டர் வீட்டு அம்மாவுக்கும் அதையே சொல்லுங்கள். போன அக்டோபரிலும் முதல் வகுப்பில் அந்த இருநூறு அட்டையைத்தான் போட்டேன். பெயர் சொல்வதில்லை. நிறுத்தச் சொல்லி அவர் இரண்டு கடிதம் போட்டார். இரண்டும் வந்து சேர்ந்தன.

மாமாவுக்கு நான் ஒரு படிவம் அனுப்பினேன். அன்று கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் பெயர்கள். ஒரே கேள்வி: "ஏகாம்பரம் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?" ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. பக்கத்தில் இன்னொரு கட்டம்: "அன்று சொல்லவில்லையென்றால் காரணம்." என்னைப் பேஜார் பண்ணாதே மாமா என்று சலித்துக்கொண்டே போய்க் கேட்டு வந்தான். எட்டுப் பேருக்கு ஒன்று. காரணம்: பயம், பயம், தலைவருக்கு எதிரில் எப்படி, பயம். இரண்டு பேர் செத்துவிட்டார்கள்.

மிச்சம் தனபால். "இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று எழுந்து போய்விட்டானாம். மாமா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். நான் அதில் ஒன்பது போட்டேன்.

வருகிற ஜூலையில் நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். மாமல்லபுரம் போகலாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். அதெல்லாம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு காலை என்னோடு ஆரணிக்கு வாருங்கள். நாள்காட்டி பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறேன். அன்று அமாவாசை இல்லை. தனபால் தறியில் இருப்பான், எழுந்து போக முடியாது. கையில் பேனாவும் படிவமும் இருக்கும். கலா எழுதட்டும், அவளுக்குத் தமிழ் எழுத்துப் பழகினது போலவும் இருக்கும்.

முதல் கட்டத்துக்குப் பதில் எனக்கே தெரியும். இரண்டாவது கட்டம் நிரம்பும்வரை நான் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.

அப்பா